நாடியில் ஒரு சிறுநீரகம், ரத்தத்தில் ஒரு சிறுநீரகம்

கேள்வி: எங்கள் ஊர் மரக்காணம். அம்மாவுக்கு 52 வயது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் உப்பளத்தில்தான் வேலை. பாத்தி மிதிப்பது, வாரிப்போட்ட உப்பைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது என்று முப்பது வருஷம் போய்விட்டது. நாலைந்து வருஷமாக இரண்டு முட்டியிலும் இடுப்பிலும் தாங்க முடியாத வலி. மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அது போடாமல் அம்மாவால் அளத்தில் இறங்க முடியாது. இரண்டு வருஷமாக பிபி மாத்திரையும் சாப்பிடுகிறார். அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள்.

பக்கத்து ஊருக்கு வாரம் ஒரு நாள் ஒருவர் வந்து அக்குபங்சர் பார்க்கிறார். அக்கம்பக்கத்தில் சொல்லி அம்மாவும் போனார். இதுவரை ஆறு தடவை ஊசி வைத்தாயிற்று. உண்மையாகவே வலி பாதியாகக் குறைந்துவிட்டது. வலி மாத்திரையை அம்மா விட்டுவிட்டார். ஆனால் அவர் நாடி பிடித்துப் பார்த்து, "கிட்னியோட சக்தி குறைஞ்சிடுச்சு, அதனாலதான் முட்டியும் இடுப்பும் வலிக்குது" என்றாராம். கிட்னிக்கு பலம் என்று ஒரு பழுப்பு நிறப் பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார். பிபி மாத்திரையும் விஷம்தான், நிறுத்துங்கள் என்றும், தாகம் எடுத்தால் மட்டும் தண்ணீர் குடியுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். பத்து நாளாக அம்மா பிபி மாத்திரை போடுவதில்லை. காலையில் தலை வலிக்கிறது என்றால், உடம்பில் உள்ள கழிவு வெளியேறுகிறது, பயப்படாதே என்கிறாராம்.

நான் திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். ஊசி வைத்து அம்மா நன்றாக நடப்பதைப் பார்க்கும்போது அவரை நம்பத் தோன்றுகிறது. மாத்திரையை நிறுத்தியதை நினைத்தால் பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு உண்மையிலேயே கிட்னியில் கோளாறா? அக்குபங்சரை நம்பலாமா, கூடாதா?

– ஓர் உப்பளத் தொழிலாளியின் மகள், மரக்காணம்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

விளக்கம் பிறகு. இன்று செய்யவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும் முன்பே அம்மாவை உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ரத்த அழுத்தம் பாருங்கள். பத்து நாளாக மாத்திரை நின்றிருக்கிறது என்று அங்கே ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிறபடி மாத்திரை இன்றைக்கே திரும்பத் தொடங்கட்டும். அந்தப் பழுப்புப் பொடியை அம்மா இனி ஒரு சிட்டிகைகூடச் சாப்பிட வேண்டாம். குப்பையிலும் போடாதீர்கள், பொட்டலத்தோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் குடிக்கட்டும். ஊசியை நிறுத்தச் சொல்லமாட்டேன்.

அம்மா வலி மாத்திரையை விட்டுவிட்டார் என்ற வரியைப் படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியாது. உப்பளக்காரர்களின் கையில் அந்த மாத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறவள் நான். ஊசி வைத்தவர் அந்த ஒரு நல்ல காரியத்தைச் செய்திருக்கிறார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவர் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். அதைத்தான் விளக்கப் போகிறேன்.

நான் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் பிறகு அக்குபங்சர் பயின்றவள். இருபது வருஷத்துக்கு மேலாக ஊசி வைக்கிறேன். உங்கள் கடற்கரையிலிருந்து வந்த ஒரு அம்மாவை இன்றும் மறக்க முடியவில்லை. குப்புறப் படுக்கச் சொன்னேன். இரண்டு பாதங்களும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளங்கால் முழுக்கக் கோடைக்காலத்து ஏரி மாதிரி வெடிப்பு. வீட்டில் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார், ஆனாலும் வெடிப்பின் அடியில் வெள்ளையாக உப்பு தெரிந்தது. முட்டிக்குப் பின்னால் உள்ள மடிப்பில் ஊசி வைத்தேன். அது மூன்று நான்கு தலைமுடியைச் சேர்த்துப் பிடித்த கனம்தான் இருக்கும், கால் மில்லிமீட்டர். "வலிக்குதா?" என்று கேட்டேன். "வலி இல்லம்மா, காலு ஈரத்துணி மாதிரி கனத்துப் போச்சு" என்றார். சீனப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விவரிக்கிற உணர்வு அது. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். விடியுமுன் மூன்று மணிக்கு எழுந்து அளத்துக்குப் போகிறவர், பட்டப்பகலில், தன்னை ஒருவர் கவனித்துக்கொள்ளும் ஓர் அறையில், மெத்தை மேல் படுத்து அரைமணி நேரம் தூங்கினார். அவருக்குக் குறைந்த வலியில் ஊசியின் பங்கு எவ்வளவு, அந்தத் தூக்கத்தின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடேயே இருக்கிறது.

இந்தக் கேள்வியை ஜெர்மனியில் பெரிய அளவில் சோதித்தார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேர். ஒரு பகுதியினருக்குச் சீன மரபு சொல்லும் புள்ளிகளில் ஊசி. இன்னொரு பகுதியினருக்குப் புள்ளியே இல்லாத இடங்களில், மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பகுதியினருக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். சரியான புள்ளியில் குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல குணம். தப்பான இடத்தில் குத்தியவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்தான். 2007இல் வெளியான முடிவு இது. முட்டித் தேய்மானத்துக்குச் செய்த இதே மாதிரிச் சோதனையிலும் ஏறக்குறைய இதே கதைதான். புள்ளிகளை மனப்பாடம் செய்து வருஷக்கணக்கில் பழகிய எனக்கு இந்த எண்களை ஏற்றுக்கொள்வது எளிதாக இல்லை. ஆனாலும் ஏற்கத்தான் வேண்டும். ஊசி வைத்தால் வலி குறைகிறது என்பது உண்மை. எந்த இடத்தில் வைத்தோம் என்பதற்கு நாங்கள் கொடுக்கிற முக்கியத்துவம் அந்த அளவுக்கு உண்மையில்லை.

ஊசி குத்தும்போது மூளையும் தண்டுவடமும் வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. 1970களிலேயே இதைக் காட்டிவிட்டார்கள். அதோடு தொடுதல், நம்பிக்கை, ஓய்வு எல்லாம் சேர்கின்றன. இதே சான்றுகளைப் பார்த்துவிட்டு ஜெர்மனியின் காப்பீடு முட்டி வலிக்கும் இடுப்பு வலிக்கும் அக்குபங்சருக்குப் பணம் தருகிறது. அமெரிக்காவில் முதியோர் காப்பீடான மெடிகேர் 2020 முதல் நாள்பட்ட இடுப்பு வலிக்குத் தருகிறது. பிரிட்டனின் வழிகாட்டுக் குழு 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உங்கள் அம்மாவின் இடத்தில் நான் இருந்தால், அந்த வலி மாத்திரையை விடுவதற்காகவாவது ஊசி வைத்துக்கொள்வேன்.

இப்போது கிட்னிக்கு வருகிறேன். உங்கள் பயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

சீன வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார். நம் சித்த வைத்தியர் வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரலுக்கும் பொருள் சொல்வது போல அவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. இடது கையில் முதல் விரலுக்கு இதயம், நடுவிரலுக்குக் கல்லீரல், மூன்றாவது விரலுக்கு 'ஷென்'. இந்த ஷென் என்ற சொல்லைத்தான் இங்கிலீஷில் கிட்னி என்று பெயர்த்தார்கள், அதிலிருந்து நாம் சிறுநீரகம் என்று பெயர்த்தோம். ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் கணக்கில் ஷென் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். எலும்பு, இடுப்பு, முட்டி, காது எல்லாம் அதற்குள் அடக்கம். பயம் என்ற உணர்ச்சி அதனுடையது. குளிர்காலம் அதனுடையது. பஞ்சபூதம் போல அவர்கள் எண்ணும் ஐந்தில் நீர் அதனுடையது. அறுசுவை போல அவர்கள் எண்ணும் ஐந்து சுவைகளில் உப்பு அதனுடையது. உப்பளத்தில் நின்றுகொண்டு இதை யோசித்தால் உடம்பு சிலிர்க்கும், எனக்கும் சிலிர்த்திருக்கிறது.

அதனால் இடுப்பும் முட்டியும் வலிக்கிற யார் போனாலும் அந்த மரபில் ஊறியவர் "கிட்னி சக்தி குறைவு" என்றுதான் சொல்வார். அவர் மொழியில் அதன் பொருள் "இடுப்பும் முட்டியும் தேய்ந்திருக்கிறது, உடம்பு களைத்திருக்கிறது" என்பதற்கு மேல் அதிகமில்லை. முப்பது வருஷம் உப்பு சுமந்தவரைப் பார்த்து அதைச் சொல்ல நாடிகூட வேண்டாம். முதுகுப்புறம் விலாவுக்குக் கீழே, அவரைவிதை வடிவில் கிடக்கும் இரண்டு உறுப்புகளைப் பற்றி அந்த நாடி ஒரு தகவலும் சொல்லாது. அவை எப்படி இருக்கின்றன என்பதைக் கொஞ்சம் ரத்தமும் கொஞ்சம் சிறுநீரும்தான் சொல்லும். ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் என்று கேட்டால் அரசு மருத்துவமனையிலேயே பார்ப்பார்கள். செலவு இல்லை.

அந்தப் பரிசோதனையை நான் வற்புறுத்துவது நாடி சொன்னதற்காக இல்லை. அம்மாவின் தொழிலுக்காக. தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்து ஆய்வாளர்கள் சில வருஷங்களுக்கு முன் பரிசோதித்தார்கள். மிகப் பெரும்பாலானவர்கள் உடம்பு தாங்கும் அளவுக்கு மேற்பட்ட வெக்கையில் வேலை செய்வது தெரிந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்துபோனவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். மேலே வெயில், கீழே பாத்தியில் பட்டுத் திரும்பும் வெயில், வேர்வையில் போகும் தண்ணீர், இவை எல்லாம் சேர்ந்த பாடு அது.

இந்த இடத்தில் வலி மாத்திரை என்ன செய்கிறது தெரியுமா? அளத்து வேலை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். வாய்க்காலில் தண்ணீர் நிறைய வரும்போது மடையைக் கொஞ்சம் திறந்தால் போதும். தண்ணீர் குறைந்தால் மடையை அகலத் திறக்கவேண்டும், இல்லாவிட்டால் பாத்தி காய்ந்துபோகும். சிறுநீரகமும் இதையேதான் செய்கிறது. உடம்பில் நீர் வற்றும் நாளில் தனக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயைப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை வைத்து அகலப்படுத்திக்கொள்கிறது. டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள் அந்தப் பொருளைச் சுரக்கவிடாமல் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. முட்டியில் வலி குறையும் அதே நேரத்தில் சிறுநீரகத்தில் மடை அடைபடுகிறது. வீட்டில் உட்கார்ந்திருப்பவர் எப்போதாவது ஒன்று போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நாள் முழுக்க வேர்த்துக்கொட்டுகிறவர் வருஷக்கணக்கில் தினம் இரண்டு போட்டால் சிறுநீரகம் சத்தமில்லாமல் சுருங்கும். பாதிக்கு மேல் போகும்வரை உடம்பு ஒன்றும் காட்டிக்கொடுக்காது. இந்த மாத்திரைகள் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் இன்னும் கெடும்.

இதனால்தான் பிபி மாத்திரையும் வலி மாத்திரையும் ஒன்று என்று அவர் சொன்னது எனக்கு இத்தனை வேதனையாக இருக்கிறது. ஒன்று சிறுநீரகத்தைக் கெடுப்பது, மற்றது அதைக் காப்பது. இரண்டையும் இங்கிலீஷ் மருந்து என்று ஒரே கூடையில் போட்டுவிட்டார். ரத்த அழுத்தத்தை ஊசி மட்டும் வைத்து வருஷக்கணக்கில் கட்டுப்படுத்தி, மாத்திரை தேவையில்லாமல் செய்துவிடலாம் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது. பத்து நாளாக மாத்திரை இல்லாமல் இருப்பவருக்குக் காலையில் தலை வலித்தால் அதைக் கழிவு வெளியேற்றம் என்று தள்ளிவிடக் கூடாது. அது அழுத்தத்தால் வந்ததாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கையில் பட்டை கட்டிப் பார்த்தால்தான் தெரியும். கழிவு வெளியேறுகிறது என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டு, காட்டவேண்டிய நேரத்தில் டாக்டரிடம் காட்டாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் கை கால் விழுந்த பிறகு வந்தார். என்னிடம் முட்டி வலிக்கு ஊசி வைத்துக்கொண்டிருந்தவர்தான். பிபி மாத்திரையை நிறுத்தச் சொன்னது வேறொருவர். ஆனால் வாரம் இரண்டு முறை என் கண் முன்னால் வந்தவரிடம் மாத்திரை போடுகிறீர்களா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஊசிப் பெட்டியைத் திறக்கும் முன் அழுத்தம் பார்க்கிறேன், மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்கிறேன்.

தாகம் எடுத்தால் மட்டும் தண்ணீர் என்ற பேச்சும் அப்படித்தான். வீட்டில், நிழலில், வேர்க்காமல் இருப்பவருக்கு அது பொருந்தலாம். உப்பளத்தில் அது ஆபத்து. கடும் வெயிலில் உடம்பு இழக்கும் தண்ணீருக்குத் தாகம் ஈடுகொடுக்காது, பின்தங்கித்தான் வரும். வெயிலில் உழைப்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். அம்மா ஏன் குறைவாகக் குடிக்கிறார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வெட்டவெளி அளத்தில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அதனால் காலையிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் போய்த் தண்ணீரைக் குறைத்துக் குடி என்பது என்ன வைத்தியம்? கழிப்பறையும் நிழற்கூரையும் கேட்டுப் போராடுவதும் சிறுநீரக வைத்தியம்தான் என்பேன். அதுவரை, கூட வேலை செய்யும் நாலு பெண்கள் சேர்ந்து நாலு பக்கமும் துணி கட்டிய ஒரு மறைவிடமாவது அமைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து நீராகாரமோ மோரோ எடுத்துப் போகட்டும், அம்மாவுக்கு பிபி இருப்பதால் அதில் உப்பைக் கொஞ்சமாகப் போடுங்கள்.

அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாமல் இருக்கலாம். அதுதான் என் பயம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்கும் சிகிச்சைக்குப் போன பெண்களுக்குச் சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுத்தார்கள். ஏறக்குறைய நூறு பேருக்குச் சிறுநீரகம் கெட்டது, பலருக்கு அடியோடு செயலிழந்து மாற்றுச் சிறுநீரகம் வைக்கவேண்டி வந்தது. ஃபாங்ஜி என்று ஒரே பெயரில் இரண்டு வேர்கள் சீனச் சந்தையில் இருந்ததும், ஒன்றுக்குப் பதில் மற்றது கலந்துவிட்டதும் பிறகு தெரிந்தது. கலந்துபோன வேரில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நச்சு இருந்தது. இது ஏதோ தூரதேசத்துக் கதை என்று நினைக்காதீர்கள். நம் வயல் ஓரங்களில் முளைக்கும் ஆடுதின்னாப்பாளை அதே இனத்துச் செடி, அதிலும் அந்த அமிலம் உண்டு. மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது அந்தச் செடியைத்தான். ஆடே தின்னாமல் ஒதுங்குகிறது.

சீன வைத்தியத்தை நான் தாழ்த்துகிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மலேரியாவுக்கு இன்று உலகம் முழுக்கக் கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் மருந்து ஒரு சீனக் கசப்பு மூலிகையிலிருந்து வந்தது. நாலாம் நூற்றாண்டு ஏட்டில் அந்த மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியும்படி இருந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு தூ யூயூ என்ற அம்மையார் வருஷக்கணக்கில் சோதித்தார். மற்றவர்களுக்குக் கொடுக்குமுன் தானே சாப்பிட்டும் பார்த்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய ஏட்டை மதிக்கிறவர்கள் அதைச் சோதிக்கவும் வேண்டும் என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஊசி வைத்தியம் நம் நாட்டுக்கு வந்த வழியும் நல்ல வழிதான். ஜப்பான் படையெடுத்தபோது சீன மக்களுக்குச் சிகிச்சை செய்ய 1938இல் இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். அவர்களில் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னிஸ் அங்கேயே 1942இல் இறந்துபோனார். கூடப் போய்த் திரும்பிய பிஜாய் குமார் பாசுதான் 1959இல் கல்கத்தாவில் அக்குபங்சரைத் தொடங்கியவர். இப்போது மத்திய அரசு அதைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றிருக்கிறது. மேற்கு வங்கம் 1996இலேயே சட்டம் போட்டது, மகாராஷ்டிரம் பின்னால் போட்டது. நம் மாநிலத்தில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. அதனால் ஐந்தரை வருஷம் படித்தவரும் வார இறுதி வகுப்புகளில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே மாதிரிப் பலகை மாட்டுகிறார்கள். கட்டிலில் படுக்கிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில், அக்குபங்சர் பார்ப்பவரை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்த்த ஒரு பெண்ணும் குழந்தையும் இறந்தார்கள். போலீஸ் அந்த அக்குபங்சர்காரரையும் கைது செய்தது. அங்கே யாரும் தப்பான புள்ளியில் குத்தியதால் அந்த உயிர்கள் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தடுத்ததால் போயின.

அப்படியானால் யாரிடம் போவது? அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரிகளில் பி.என்.ஒய்.எஸ். படித்தவர்களுக்கு அக்குபங்சர் பாடத்திலேயே உண்டு. அவர்களில் பதிவு செய்த ஒருவரோ, அக்குபங்சர் பயின்ற எம்.பி.பி.எஸ். டாக்டரோ கிடைத்தால் நல்லது. முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது இயற்கை மருத்துவப் பிரிவைப் பற்றி விசாரியுங்கள். இப்போது பார்ப்பவரிடமே தொடர்வதானால் உறையைக் கிழித்துப் புது ஊசி எடுக்கிறாரா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். எடுத்த ஊசியைப் பழைய டப்பாவில் போட்டு வைத்து இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். நெஞ்சிலும் மேல்முதுகிலும் ஊசி வைக்க விடாதீர்கள், பழக்கமில்லாத கை ஆழமாகக் குத்தினால் நுரையீரல் ஓட்டையாகும். சிகிச்சை பார்த்துக்கொண்டே மாத்திரையை நிறுத்து, டாக்டரிடம் போகாதே என்று திரும்பவும் சொன்னால் அன்றோடு எழுந்து வந்துவிடுங்கள். பெரிய சண்டை வேண்டாம். "மாத்திரையை டாக்டர் பார்த்துக்குவார், நீங்க ஊசி மட்டும் வைங்கண்ணே" என்று நீங்களே ஒருமுறை அவரிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். அதை ஏற்றுக்கொள்கிறாரா என்பதிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

ஆறு தடவையில் வலி பாதி குறைந்தது நல்ல அறிகுறி. இன்னும் ஐந்தாறு தடவை பார்க்கலாம், அதன் பிறகு முடிவில்லாமல் வாராவாரம் கூலியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. குறைந்த வலியைத் தக்கவைப்பது தொடைத்தசைதான். ஒரு பழைய புடவையை உருளையாகச் சுருட்டி, கால் நீட்டி உட்கார்ந்து முட்டிக்குக் கீழே வையுங்கள். முட்டியால் அந்த உருளையைத் தரையை நோக்கி அழுத்தி ஐந்து எண்ணி விடவேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆறு வாரம் விடாமல் செய்தால் படி ஏறும்போது வித்தியாசம் தெரியும். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்டும் உண்டு. மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் கேட்டால் வீட்டுக்கே வந்து மற்றப் பயிற்சிகளைச் சொல்லித் தருவார். வலி அதிகமான நாளில் மேலே தடவும் களிம்பு போதும், அது ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர் சொல்லும் அளவில் பாரசிட்டமால்.

ஊசியில்லாமல் வீட்டிலேயே செய்ய ஒரு புள்ளி சொல்லித் தருகிறேன். அம்மாவின் முட்டிச் சில்லுக்குக் கீழே அவருடைய நாலு விரலைச் சேர்த்து வையுங்கள். அந்த அளவு முடிகிற இடத்தில், கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு விரல் தள்ளி அழுத்தினால் ஒரு பள்ளம் தட்டுப்படும், மற்ற இடத்தைவிட அங்கே கூச்சமாக வலிக்கும். சூ சான் லி என்று பெயர். கால், மூன்று, லி. லி என்பது சீனர்களின் தூரக் கணக்கு, சுமார் அரைக் கிலோமீட்டர். நடந்து களைத்தவர் இங்கே அழுத்திக்கொண்டால் இன்னும் மூன்று லி நடப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. ராத்திரி அம்மா படுத்ததும் இரண்டு காலிலும் இரண்டு நிமிஷம் கட்டைவிரலால் அழுத்திவிடுங்கள். இதனால் தேய்ந்த முட்டி வளராது, சிறுநீரகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாள் முழுக்கச் சுமந்த கால், தொட்டால் இளகும். அழுத்திக்கொண்டே இன்றைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு யோசனை. ஐப்பசி மழை இறங்கி அளம் மூடும் மாதங்களில் அம்மாவுக்கு வேலை இருக்காது. அரசின் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்துக்கு அம்மாவின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மீதி ஊசிகளையும் உடற்பயிற்சியையும் அந்த மாதங்களுக்கு வைத்துக்கொண்டால் முட்டிக்கு ஓய்வும் சேர்ந்து கிடைக்கும். காலையில் ஊசி வைத்துவிட்டு மத்தியானம் தலையில் உப்புக்கூடை ஏற்றினால் எந்தப் புள்ளியும் உதவாது. ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம், அது இந்த வாரமே.

முடிவுச் சீட்டு கைக்கு வந்ததும் கிரியாட்டினின் என்ற வரியைப் பாருங்கள். 1.1க்கு மேல் இருந்தாலோ, சிறுநீரில் புரதம் என்ற இடத்தில் கூட்டல் குறி இருந்தாலோ எனக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். சீட்டையும் பொடிப் பொட்டலத்தையும் இதுவரை போட்ட வலி மாத்திரையின் அட்டையையும் எடுத்துக்கொண்டு முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ மறுநாளே கூட்டிப் போங்கள். எத்தனை வருஷம், தினம் எத்தனை மாத்திரை என்பதை அம்மா குறைத்துச் சொல்வார். நீங்கள் கூட இருந்து சரியாகச் சொல்லுங்கள்.